இணையத்தில் நம் முகவரி: ஐபி எண் குறித்துச் செயற்பாட்டாளர்கள் அறிய வேண்டியவை

நம் நாட்டில் முகவரி என்பது வெறும் இடக்குறிப்பாக இருந்ததில்லை. தெருவின் பெயரைச் சொன்னவுடன் சாதியைக் கணித்துவிடும் சமூகத்தில் நாம் வாழ்கிறோம். 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025-இல் அறிவிக்க நேர்ந்ததற்கும் அதுவே காரணம். ஆதலால், முகவரி வெளிப்படுவதால் என்ன நேரும் என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் இணையத்தில் நுழையும் ஒவ்வொரு முறையும் நம்முடன் வரும் இன்னொரு முகவரியைப் பற்றி நம்மில் பலர் போதிய அளவு அறிந்திருக்கவில்லை.

வன்கொடுமைகளை ஆவணப்படுத்துவோர், பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்வோர், புனைபெயரில் எழுதும் மாணவர்கள் ஆகியோருக்கு இந்த அறியாமை ஆபத்தானது. அளவு கடந்த அச்சமும் தீங்கானதே. அது எழுத வேண்டியவர்களை வாயடைக்கச் செய்துவிடும். ஐபி எண் எதைக் காட்டிக்கொடுக்கும், எதைக் காட்டிக்கொடுக்காது, அந்த எண்ணை ஒரு மனிதரின் பெயராக மாற்றும் ஆற்றல் யாரிடம் உள்ளது ஆகியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஐபி எண் என்பது என்ன?

இணையத்தில் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, அதனை எங்கே அனுப்ப வேண்டும் என்பது மறுமுனையிலுள்ள கணினிக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக நம் இணைப்புக்கு வழங்கப்படும் எண்ணே ஐபி முகவரி. இந்த எண் இல்லாமல் இணையத்தைப் பயன்படுத்த இயலாது. நம்முடைய எண்ணுக்குப் பதிலாக வேறோர் எண்ணை முன்னிறுத்த மட்டுமே இயலும். ஐபி எண்ணை மறைப்பதாகச் சொல்லும் கருவிகள் அனைத்தும் செய்வது இதைத்தான்.

பழைய முறையான ஐபிவி4-இல் ஏறத்தாழ 430 கோடி எண்களே உண்டு. அவற்றின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதனால் கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது எண்ணை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. கல்லூரி விடுதியின் வைஃபையில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே எண்ணுக்குப் பின்னால் இருக்கலாம். வீட்டு பிராட்பேண்ட் இணைப்பில் ஒரே எண் பல நாள்கள் நீடிக்கக்கூடும். புதிய முறையான ஐபிவி6-இல் எண்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் கிடைப்பதால், பகிர்வினால் கிடைத்துவந்த மறைப்பு அதில் குறைகிறது.

எது தெரியும், எது தெரியாது?

நம் ஐபி எண்ணைப் பெற்ற ஒருவர் இரண்டு செய்திகளை எளிதில் அறியலாம்: எந்த நிறுவனத்தின் இணையச் சேவையைப் பயன்படுத்துகிறோம் என்பது ஒன்று, தோராயமாக எந்த நகரம் அல்லது மாவட்டத்தில் இருக்கிறோம் என்பது மற்றொன்று. நம் பெயர், வீட்டு எண், கைபேசி எண் ஆகியவை அந்த எண்ணுக்குள் இல்லை. எண்ணைக் கொண்டு வீட்டையே காட்டுவதாகச் சொல்லும் இணையதளங்கள் காட்டுவது ஊகமே.

அந்த ஊகம் எவ்வளவு பிழைபடும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை ஒன்று சான்று. மேக்ஸ்மைண்ட் என்னும் நிறுவனம், அமெரிக்காவில் எங்குள்ளது எனத் துல்லியமாகத் தெரியாத ஐபி எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஒரு புள்ளியை இடமாகக் குறித்து வைத்திருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் அந்தப் பண்ணையைச் சுட்டின. யாரோ எங்கோ செய்த மோசடிகளுக்கும் குற்றங்களுக்கும் விடை தேடி, காவல்துறையினரும் ஆத்திரமுற்றவர்களும் அந்த வீட்டுக் கதவைப் பல ஆண்டுகள் தட்டினர். காரணம் 2016-இல்தான் வெளியே வந்தது.

எண்ணைப் பெயராக்குவோர் யார்?

ஆபத்தைச் சரியாக எடைபோட, எதிரே நிற்பவர் யார் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மூவகையினரை நாம் பிரித்தறியலாம்.

முதல் வகையினர் சாதிய வன்மத்தோடு நம்மைத் துரத்தும் தனிநபர்களும் குழுக்களும். இவர்களிடம் இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் இல்லை. ஆயினும் துண்டுகளை ஒட்டவைக்க இவர்களால் முடியும். புனைபெயர்க் கணக்கு ஒன்றுக்கு அனுப்பிய லிங்கை நாம் சொடுக்கினால், நம் ஐபி எண் அவர்களிடம் பதிவாகிறது. அதிலிருந்து ஊர் தெரிகிறது; நாம் எழுதிய பதிவுகளிலிருந்து கல்லூரி தெரிகிறது; ஒரு படத்திலிருந்து தெரு தெரிகிறது. வீட்டு இணைப்பின் எண் கிடைத்தால், போலிக் கோரிக்கைகளைக் கொட்டி இணைப்பை முடக்கலாம். கடவுச்சொல் மாற்றப்படாத ரவுட்டரையும் கண்காணிப்புக் கேமராவையும் கைப்பற்ற முயலலாம். 2016-இல் உலகெங்கும் பரவிய மிராய் என்னும் தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் இவ்வாறே தன்வயப்படுத்தியது.

இரண்டாம் வகையினர் நிறுவனங்கள். சமூக ஊடகத் தளங்கள் நாம் உள்நுழையும் ஐபி எண்ணையும் நேரத்தையும் பதிந்து வைக்கின்றன. ஒரே கைபேசியில், ஒரே இணைப்பில் சொந்தக் கணக்கையும் புனைபெயர்க் கணக்கையும் மாறி மாறித் திறப்பவர், இரண்டும் ஒருவருடையவையே என்பதை அந்தத் தளத்துக்குத் தாமே சொல்லிவிடுகிறார்.

மூன்றாம் வகை அரசு. எண்ணைப் பெயராக்கும் முழு ஆற்றலும் அதனிடம் உண்டு. தொலைத்தொடர்பு உரிம விதிகள் 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட பின்னர், நிறுவனங்கள் ஐபி பயன்பாட்டு விவரங்களைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், வழங்கிய ஐபி எண் ஆகியவற்றை 5 ஆண்டுகள் சேமிக்க வேண்டும் என்றது. இதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் முதலான நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன. பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதினால் தடயம் இராது என்று சிலர் நம்புகின்றனர். 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கேயும் அடையாளச் சான்று பதியப்பட வேண்டும். பயன்பாட்டுப் பதிவேடு ஓராண்டு இருக்க வேண்டும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 17(2)-இன் வழியே, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு தான் அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள இடம் தருகிறது. உரிமை ஏட்டில் இருக்க, அதற்கான காவல் நலிந்தே இருக்கிறது.

எண் தவறினால் சிறை

2007-இல் ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஒன்று வெளியானது. அது தொடர்பாகப் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரைப் புனே காவல்துறை கைது செய்தது. அவர் 50 நாள்கள் சிறையில் இருந்தார். இணையச் சேவை நிறுவனம் அந்த ஐபி எண்ணுக்குரியவர் எனத் தவறான ஆளைக் காட்டியிருந்தது என்பது பின்னரே தெரிந்தது.

இத்தகைய பிழை இன்று நேர்வதற்கும் வாய்ப்புகள் பல. ஒரே எண்ணைப் பலர் பகிரும்போது, நாளும் நேரமும் நொடி வரை சரியாக இருந்தாலும் போதாது. போர்ட் எண்ணும் தேவை. பன்னாட்டுத் தளங்கள் பதிவு நேரத்தைப் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் தருகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. இதைக் கவனியாது விட்டால் குற்றம் வேறொருவர் தலையில் விழும். ஓர் எண் சுட்டுவது ஓர் இணைப்பையே. அந்த இணைப்பில் விரலை அசைத்தவர் யார் என்பது தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டும். விடுதி வைஃபையின் எண்ணை வைத்து மாணவர் ஒருவர் விசாரணைக்கு அழைக்கப்பட்டால், வழக்கறிஞர் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி இதுவே.

அதே பதிவு நமக்கும் சான்று

நம்மை அச்சுறுத்தும் இதே பதிவுகள், நம்மை இழிவுபடுத்துவோருக்கு எதிரான சான்றாகவும் அமைகின்றன. எழுத்தாலோ படத்தாலோ பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகைமையைத் தூண்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(u)-இன்படி குற்றம். இணையவழி இழிவுபடுத்தலும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வரும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் கூறியது.

இங்கே காலம் முதன்மையானது. 2021-ஆம் ஆண்டின் இடைநிலையாளர் விதிகள், நீக்கப்பட்ட பதிவின் விவரங்களைத் தளங்கள் 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. புகார் ஏட்டிலேயே உறங்கினால் சான்று அழிந்துவிடக்கூடும். எனவே புகார் அளிக்கும்போதே பதிவின் முழு இணைய முகவரி, கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அக்கணக்கின் ஐபி பதிவுகளையும் போர்ட் எண்ணையும் தளத்திடமிருந்து உடனே கோருமாறு விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் வலியுறுத்தி, ஒப்புகை பெற வேண்டும். மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63-இன் கீழ்ச் சான்றிதழ் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

கசியும் வழிகளும் தற்காப்பும்

1. அழைப்புகள். இருவர் பேசும் இணைய அழைப்பில் கருவிகள் நேரடியாக இணைந்தால், எதிரில் இருப்பவருக்கு நம் ஐபி எண் தெரியவரும். வாட்ஸ்அப் 2023 நவம்பரில் இதைத் தடுக்கும் வசதியைத் தந்தது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியின் மேம்பட்ட பிரிவில் அதனை இயக்கலாம். சிக்னலில் எல்லா அழைப்புகளையும் அதன் சர்வர் வழியே அனுப்பும் தெரிவு உண்டு. டெலிகிராமில் நேரடி இணைப்பை 'யாருக்கும் இல்லை' என மாற்றலாம். ஒலித்தரம் சற்றுக் குறையக்கூடும்.

2. லிங்குகள். அறியாதவர் அனுப்பும் லிங்கைச் சொடுக்க வேண்டாம். புனைபெயர்க் கணக்குக்கு வரும் லிங்குகளில் இரட்டைக் கவனம் தேவை.

3. மின்னஞ்சல். சில சேவைகள் அனுப்புநரின் ஐபி எண்ணை மடலின் தலைப்பகுதியில் சேர்த்தே அனுப்புகின்றன. வரும் மடல்களிலுள்ள படங்கள் தாமாகத் திறப்பதை நிறுத்தி வைப்பது நல்லது.

4. ரவுட்டர். கடவுச்சொல்லை இன்றே மாற்றுக. வெளியிலிருந்து இயக்கும் வசதியை அணைத்து வைக்க.

5. விபிஎன். நம் இணையச் சேவை நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கையை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றுவதே இது. இலவசமாகக் கிடைப்பவற்றில் மிகுந்த எச்சரிக்கை தேவை. இயக்கிய பின் நம் எண் மாறியுள்ளதா எனச் சோதித்துப் பார்க்க வேண்டும். பிரவுசரின் வழியே உண்மை எண் கசிவதும் உண்டு.

6. டோர் பிரவுசர். நம் கோரிக்கையை மூன்று இடைநிலையங்கள் வழியே அனுப்புவதால், எந்த ஒன்றுக்கும் முழு வழி தெரிவதில்லை. ஆனால் அதில் சொந்தக் கணக்கைத் திறந்தால் பயனில்லை. டோரைப் பயன்படுத்துகிறோம் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும்.

தனியுரிமையைத் தம் அடையாளமாக முன்வைக்கும் நிறுவனங்களுக்கும் சட்டத்தின் பிடி உண்டு. சுவிட்சர்லாந்தின் புரோட்டான்மெயில், அந்நாட்டு அதிகாரிகளின் ஆணைக்கிணங்கி, பிரெஞ்சுச் சூழலியல் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபி எண்ணைப் பதிந்து தந்தது 2021-இல் வெளியானது. வாக்குறுதியை நம்பி அடையாளத்தை ஒப்படைக்கலாகாது.

எண்ணை மறைத்தால் மட்டும் போதுமா?

போதாது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் அர்செனல் கன்சல்டிங் நிறுவனம், 2021 பிப்ரவரியில் தன் அறிக்கையை அளித்தது. 2016 ஜூனில் வந்த மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததன் மூலம் நெட்வயர் என்னும் உளவுநிரல் கணினியில் நுழைந்தது. 22 மாதங்களுக்கு மேலாக அக்கணினி பிறர் கட்டுப்பாட்டில் இருந்தது. வழக்கில் சான்றாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் வெளியிலிருந்து வைக்கப்பட்டவை என்பவை அதன் முடிவுகள். நாக்பூரின் தலித் வழக்கறிஞர் சுரேந்திர கட்லிங்கின் கணினி பற்றியும் அந்நிறுவனம் இவ்வாறே கூறியது. தேசியப் புலனாய்வு முகமை இம்முடிவுகளை ஏற்கவில்லை.

உளவுநிரல் வீட்டுக்குள் புகுந்த பின், வாசலில் எண்ணை மறைத்து என்ன பயன்? அறிமுகமானவர் பெயரில் வந்தாலும், எதிர்பாராத இணைப்பைத் திறக்கும் முன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது, எந்த விபிஎன்னையும் விடப் பெரிய பாதுகாப்பு.

அமைப்புகளின் பொறுப்பு

நம் அமைப்புகளும் பிறருடைய தடயங்களைச் சேர்த்து வைக்கின்றன. பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள், கருத்திடுவோரின் ஐபி எண்ணைத் தானாகவே சேமிக்கிறது. தேவையற்ற பதிவுகளை அழிப்பதும், சேமிப்பதையே நிறுத்துவதும் நம் கடமை. ஒருநாள் நம் அலுவலகக் கணினி பறிமுதல் செய்யப்பட்டால், அதில் இல்லாத பட்டியலை யாராலும் எடுக்க முடியாது.

எல்லோருக்கும் ஒரே அளவு மறைப்பு தேவையில்லை. பெயர் வெளிப்பட்டால் ஊரில் குடியிருக்க முடியாமல் போகும் சாட்சிகளும், புகார் கொடுத்த பெண்களும் முதலிடத்தில் உள்ளனர். பொது ஆவணங்களில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 15A(8) வழி செய்கிறது. நீதிமன்றம் ஏட்டில் மறைக்கும் முகவரியை, நாம் கவனமின்றி அனுப்பும் ஒரு லிங்க் வெளிப்படுத்திவிடக் கூடாது. அவர்களோடு தொடர்புகொள்ளும் ஒவ்வொரு வழியையும் மேற்சொன்ன ஆறு இடங்களில் சரிபார்ப்பதிலிருந்து நம் பணி தொடங்கட்டும்.