சி. எல். ஆர். ஜேம்சும் கிரிக்கெட் வரலாறும்

1989 மே 31 அன்று இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் சி. எல். ஆர். ஜேம்ஸ் தமது 88ஆம் அகவையில் மறைந்தார். ஹைட்டியின் அடிமைகள் நடத்திய புரட்சியை 'பிளாக் ஜாகொபின்ஸ்' (1938) என்னும் நூலாக வடித்த வரலாற்றாசிரியர் என்றே பலரும் அவரை அறிவர். அவருடைய கிரிக்கெட் எழுத்துகளை அறிஞர் ஒருவரின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு எனக் கருதுவாரும் உளர். 1963இல் வெளிவந்த 'பியாண்ட் எ பவுண்டரி' நூலைப் பயின்றோர் அதற்கு உடன்படார்.

ஜேம்ஸ் 1901இல் டிரினிடாடின் துனாபுனாவில் பிறந்தவர். வீட்டுச் சன்னல் ஆடுகளத்தை நோக்கியிருந்தது. நாற்காலிமேல் நின்று ஆட்டம் காண்பார்; அலமாரியின் மேலிருந்த நூல்களையும் அங்கிருந்தே எட்டி எடுப்பார். பின்னர் உதவித்தொகை பெற்றுப் பயின்ற குயின்ஸ் ராயல் கல்லூரியில், பள்ளி விதிகளை மீறவும் பொய்யுரைக்கவும் தயங்காத அவர், ஆடுகளத்தில் நடுவர் தீர்ப்பை மட்டும் மறுத்ததில்லை. ஆங்கிலேயர் புகட்டிய இவ்வொழுக்கத்தை அவர் பிற்காலத்தில் எள்ளவில்லை. அதன் தோற்றுவாயைத் தேடினார். டபிள்யூ. ஜி. கிரேசைப் பற்றி அந்நூலில் அத்துணை விரிவாக எழுதியமைக்கு அதுவே காரணம்.

நூலின் உயிர்நிலை கழகங்கள் பற்றிய பகுதியே எனலாம். டிரினிடாடில் குயின்ஸ் பார்க் வெள்ளையருக்கும், மேப்பிள் மாநிற நடுத்தர வகுப்பினர்க்கும், ஷானன் கறுப்பின ஆசிரியர், எழுத்தர் போன்றோர்க்கும் உரியனவாயிருந்தன. கறுப்பரான ஜேம்ஸ் ஷானனில் சேராது மேப்பிளைத் தேர்ந்தார். அதனால் ஷானன் வீரர் லியரி கான்ஸ்டன்டைனுடன் கொள்ள வேண்டிய நட்பும், தம் அரசியல் வளர்ச்சியும் பல்லாண்டுகள் தள்ளிப்போயின எனத் தாமே பதிவு செய்கிறார். தம்மையே இவ்வாறு கூண்டிலேற்றும் விளையாட்டெழுத்தாளர் அரியர். 1932இல் இங்கிலாந்து சென்றவருக்கு நெல்சன் நகரில் புகலிடம் தந்தவர் அதே கான்ஸ்டன்டைன்தாம். நெவில் கார்டசின் துணையால் 'மான்செஸ்டர் கார்டியன்' இதழின் கிரிக்கெட் செய்தியாளரானதும் அக்காலத்திலேயே.

1958இல் தாயகம் திரும்பி 'தி நேஷன்' இதழின் ஆசிரியரானார். ஒரு டெஸ்ட் தொடர் முழுவதற்கும் கறுப்பர் எவரும் மேற்கிந்தியத் தீவுகளின் அணித்தலைவராக அதுவரை அமர்த்தப்பட்டதில்லை. 1960இல், ஃபிராங்க் வொரல் இருக்க ஜெரி அலெக்சாந்தர் தலைமை தாங்குவது தகாது என ஜேம்ஸ் இடைவிடாது எழுதினார். அலெக்சாந்தர்மீது அவருக்குப் பகையில்லை. நிறத்தை நோக்கித் தலைமை வழங்கும் வழக்கத்தையே அவர் சாடினார்.

அவ்வாண்டிறுதியில் ஆஸ்திரேலியா சென்ற அணிக்கு வொரல் தலைவரானார். பிரிஸ்பேனில் நடந்த முதல் ஆட்டம், டெஸ்ட் வரலாற்றில் முதன்முறையாக இரு அணியினரும் சம ஓட்டங்கள் எடுத்து 'டை' ஆனது. விக்கெட் காப்பாளராகத் தொடர்ந்த அலெக்சாந்தரே அத்தொடரில் தம் அணியின் மட்டைச் சராசரியில் முதல்வர். தொடரை ஆஸ்திரேலியா 2-1 என வென்றது. ஆயினும் மெல்போர்ன் மக்கள் வீதிகளில் திரண்டு வொரல் அணிக்கு விடைகொடுத்தனர். ஜேம்சின் நூல் அக்காட்சியோடு நிறைவுறுகிறது. அவருடல் துனாபுனாவிலேயே அடக்கம் செய்யப்பெற்றது.