அடைக்கலப் பட்டணத்தின் வாலிபர்கள்

1942 ஓகஸ்ட் மாதம். பிரான்ஸின் தென்-மத்திய மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கும் லு ஷாம்போன் என்ற சிற்றூருக்கு ஜோர்ஜ் லாமிரான் வந்தார். விஷி அரசில் இளைஞர் விவகாரங்களுக்குப் பொறுப்பானவர். மார்ஷல் பெத்தேனின் புதிய பிரான்ஸுக்கு இளைஞரைத் திரட்டுவது அவருடைய வேலை. ஆராதனை முடிந்ததும் அவ்வூர்ப் புரட்டஸ்தாந்து பாடசாலையின் மூத்த மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவர் முன்னால் வந்து ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள்.

ஒரு மாதத்துக்கு முன்னர்தான், ஜூலை 16, 17ஆம் தேதிகளில், பாரிஸில் 13,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் பொலிஸார் பிடித்திருந்தார்கள். அவர்களில் 4,000க்கும் அதிகமானோர் குழந்தைகள். பிடித்தது ஜேர்மன் படை அல்ல, பிரெஞ்சுப் பொலிஸ். அந்தச் செய்தி தங்களுக்குத் தெரியும் என்று மாணவர்கள் எழுதியிருந்தார்கள். எங்கள் நடுவிலும் யூதர்கள் இருக்கிறார்கள். நாங்கள் யூதர், யூதரல்லாதவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அது சுவிசேஷத்துக்கு விரோதம். எங்கள் தோழர்களை நாடு கடத்த ஆணை வந்தால் அவர்கள் பணிய மாட்டார்கள், நாங்கள் அவர்களை ஒளித்து வைப்போம். இதுதான் கடிதத்தின் சாரம். லாமிரான் அது தன் துறை அல்ல என்று நழுவினார். இரண்டு வாரம் கழித்துப் பொலிஸார் பஸ்களோடு வந்தார்கள். மூன்று வாரம் அளவில் தேடினார்கள். ஏறக்குறைய வெறுங்கையோடு திரும்பினார்கள்.

நான் கணினித்துறையில் ஆலோசகன். வரலாறு என் தொழில் அல்ல. ரொறன்ரோவில் எங்கள் தமிழ்த் திருச்சபையில் சில வருடங்களாக வாலிபர் வகுப்பு எடுக்கிறேன். இந்த ஊரைப் பற்றி நான் வாசிக்கத் தொடங்கியது அந்த வகுப்புக்காகத்தான். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஓர் அரசாங்க அதிகாரியின் முகத்துக்கு நேரே அப்படி ஒரு கடிதத்தை நீட்ட முடிந்தது எப்படி? துணிச்சலான பிள்ளைகள் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்தத் துணிச்சல் ஒரே நாளில் முளைத்ததல்ல.

அவ்வூரின் போதகர் ஆந்த்ரே த்ரோக்மே 1901இல் வட பிரான்ஸில் சென்-கான்தேன் என்ற ஊரில் பிறந்தவர். தாய் ஜேர்மன் பெண். முதலாம் உலகப்போரில் அவருடைய ஊர் ஜேர்மன் படையின் கையில் இருந்தது. அந்த நாட்களில் ஒரு சிறிய கிறிஸ்தவ வாலிபர் குழு அவரைத் தாங்கியது. ஆயுதம் ஏந்த மறுத்த ஒரு ஜேர்மன் சிப்பாயையும் அப்போதுதான் சந்தித்தார். போர் கூடாது என்ற கொள்கையை அவர் படித்த இறையியல் நூல்களுக்கு முன்பே இந்தச் சந்திப்பு விதைத்துவிட்டது. 1934இல் லு ஷாம்போனுக்கு வந்தார். 1938இல் அவரும் சக போதகர் எதுவார் தெய்ஸும் அங்கே ஒரு பாடசாலையைத் தொடங்கினார்கள்.

அந்த மலைநாட்டு மக்களில் பெரும்பாலோர் ஹியூகனோக்களின் சந்ததியினர். 1685இல் மன்னர் பதினான்காம் லூயி புரட்டஸ்தாந்து வழிபாட்டைத் தடைசெய்த பிறகு காட்டிலும் குகையிலும் கூடி ஜெபித்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஒளிந்து வாழ்வது என்றால் என்ன என்பது அவர்களுக்குக் குடும்பக் கதை. பிரான்ஸ் சரணடைந்த மறுநாள், 1940 ஜூன் 23 ஞாயிறன்று, இரு போதகர்களும் பிரசங்கித்தபோது மனச்சாட்சிக்கு விரோதமான கட்டளைகளை ஆவியின் ஆயுதங்களால் எதிர்க்க வேண்டும், ஆனால் யாரையும் பகைக்கக் கூடாது என்றார்கள். உபாகமத்தில் வரும் அடைக்கலப் பட்டணம் என்ற சொல் த்ரோக்மேயின் சிந்தனையில் ஆழமாக இறங்கியிருந்தது.

பிரசங்கம் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரியும். பதின்மூன்று இளம் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் குறித்த நாட்களில் அவரோடு கூடி ஒரு வேதப்பகுதியை ஆராய்வார்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் தன் பகுதிக்குப் போய், ஒரு வீட்டிலோ பண்ணையிலோ தன் குழுவைக் கூட்டி அதே பகுதியைப் பேசுவார். போதகர் சொன்னதை ஒப்பிப்பது அல்ல வேலை. இந்த வாரம், இந்த ஊரில் இது நம்மிடம் என்ன கேட்கிறது என்று தாங்களே கண்டுபிடிப்பதுதான். யாரை எந்தப் பண்ணையில் வைப்பது போன்ற சிக்கல்களுக்கும் விடை இந்தக் கூட்டங்களில்தான் கிடைத்தது என்று த்ரோக்மே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இந்த அமைப்புக்குச் சோதனை 1943 பெப்ரவரியில் வந்தது. த்ரோக்மே, தெய்ஸ், ஊர்ப் பாடசாலை ஆசிரியர் ரோஜே தார்சிஸாக் ஆகிய மூவரையும் பொலிஸார் கொண்டுபோய் முகாமில் அடைத்தார்கள். சில வாரங்களுக்குப் பிறகு, மார்ஷலுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்திட்டால் விடுதலை என்றார்கள். இரு போதகர்களும் மறுத்தார்கள், ஆனாலும் விடுவிக்கப்பட்டார்கள். அவர்கள் இல்லாத அந்த வாரங்களில் ஊரின் வேலை நிற்கவில்லை. என் தொழிலில் இதை நாங்கள் தினமும் சொல்வோம்: ஒரு சேர்வர் விழுந்தால் முழு அமைப்பும் விழுந்துவிடக் கூடாது. பல திருச்சபைகளும் பல இயக்கங்களும் ஒரே மனிதரின் தோளில் நிற்கின்றன. லு ஷாம்போன் அப்படி நிற்கவில்லை.

இளைஞர்கள் வெறும் உதவியாளர்களாகவும் இருக்கவில்லை. ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி என்ற யூத வாலிபன் பத்தொன்பது வயதில் அங்கே வந்து சேர்ந்தவன், தானே அகதி. போலி அடையாள அட்டை தயாரிப்பது அவன் வேலை. அவனுக்கு இடம் கொடுத்த விவசாயி அந்தத் தாள்களைத் தேனீப் பெட்டிகளுக்குள் ஒளித்து வைத்தார். பியேர் பித்தோன் என்ற சாரண மாணவன் அகதிகளை சுவிஸ் எல்லைவரை வழிநடத்திக் கூட்டிப்போனான். அந்த வழியை ஒழுங்குசெய்த அமைப்பு சிமாத். புரட்டஸ்தாந்து வாலிபர் இயக்கங்கள் 1939இல் சேர்ந்து உருவாக்கியது அது. பிரான்ஸில் அகதி விண்ணப்பம் போட்ட வாசகர்கள் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். இன்றும் அது அகதிகளுக்கான வேலையைத்தான் செய்கிறது.

போலி அட்டை பற்றிச் சொன்னபோது என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "பொய்ப் பேப்பர் செய்வது பாவம் இல்லையா, அங்கிள்?" அறை அமைதியானது. அங்கே இருந்த பிள்ளைகளில் சிலரின் பெற்றோர் வேறொருவர் பாஸ்போர்ட்டில் வந்து இறங்கியவர்கள். அது வீட்டில் பேசப்படாத விஷயம் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் போதகர்களுக்கே பொய் உறுத்தியது என்று சொன்னேன். உறுத்தலை வைத்துக்கொண்டே உயிரைக் காப்பாற்றினார்கள். உறுத்தல் இல்லாதவர்களாக இருந்திருந்தால் இவர்களை நாம் இவ்வளவு நம்ப வேண்டியதும் இல்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைகளை ஆபத்துக்குள் கூட்டிப்போக ஒரு தலைவருக்கு என்ன உரிமை? பிள்ளைகளை முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் நின்ற தலைமைகளை நம் தலைமுறை கண்டிருக்கிறது. அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக விட முடியாது. எனக்குக் கிடைத்த பதில் தானியல் த்ரோக்மே. போதகரின் உறவினர், முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆசிரியர். 1942இல் லு ஷாம்போனுக்கு வந்து அகதிக் குழந்தைகளின் இல்லத்தையும், பிறகு ரோஷ் என்ற மாணவர் விடுதியையும் நடத்தினார். 1943 ஜூன் 29 காலை கெஸ்டாப்போ அந்த விடுதியைச் சுற்றி வளைத்தது. அவர் அப்போது அங்கே இல்லை. காட்டுக்குள் ஓடித் தப்பியிருக்கலாம். மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று திரும்பி வந்தார். அவரையும் 18 மாணவர்களையும் கொண்டுபோனார்கள்.

போதகரின் மனைவி மக்தா விடுதிக்கு ஓடி வந்தார். பிடிபட்டவர்களில் ஒரு ஸ்பானிய மாணவன், ஆற்றில் மூழ்கிய ஒரு ஜேர்மன் சிப்பாயைக் காப்பாற்றியவன். ஜேர்மன் அதிகாரிகளிடம் அதை எடுத்துச் சொல்லி அவனை மீட்டார். மற்றவர்களை மீட்க முடியவில்லை. அவர்களில் சிலர் அவுஷ்விட்ஸில் இறந்தார்கள். தானியல் 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார்.

எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. 5,000 என்பார்கள் சிலர். அதைவிடக் குறைவு என்பார்கள் பலர். போதகர்களை மட்டும் புகழ்ந்துவிட்டு, சுற்றுப் பண்ணைகளில் வாய் திறக்காமல் இருந்த கத்தோலிக்கரையும் டார்பி சபையாரையும் மற்ற ஊர்க்காரரையும் மறந்துவிடுகிறோம் என்ற குறையும் நியாயமானது. 1990இல் யாத் வஷேம் நிறுவனம் அவ்வூரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தே கௌரவித்தது சரியென்று படுகிறது.

நம் சபைகளில் வாலிபருக்கு நாம் கொடுக்கும் பொறுப்புகளை எண்ணிப் பார்க்கிறேன். கித்தார், புரொஜெக்டர், ஒளிவிழா நாடகம், வாகனத் தரிப்பிடம். எல்லாம் தேவைதான். ஆனால் முடிவெடுக்கும் எந்தக் கேள்வியையும் நாம் அவர்களிடம் கொடுப்பதில்லை. எங்கள் நகரத்தில் இப்போதும் அகதிகள் வந்து இறங்குகிறார்கள். நம் மொழி பேசாதவர்கள், நம் தெய்வத்தை வணங்காதவர்கள். அவர்களுக்கு நாம் என்ன செய்வது என்று அடுத்த மாதம் வாலிபர் குழுவே பேசித் தீர்மானிக்கட்டும் என்று சபைக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். தீர்மானம் பெரியவர்களுக்குச் சிரமமாக இருந்தாலும் அதை நிறைவேற்றுவதாக முதலில் வாக்குக் கொடுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். இரண்டாவது கோரிக்கைக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.