வயிற்றுப் பெருந்தமனி வீக்கம்: பரிசோதனையின் வரலாறு

இதயத்திலிருந்து இறங்கி, வயிற்றின் பின்புறமாக ஓடும் பெருந்தமனி சுமார் 2 செ.மீ. அகலமுடையது. அதன் சுவர் தளர்ந்து 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிவதே வயிற்றுப் பெருந்தமனி வீக்கம். பெரும்பாலும் வலி இராது. வெடித்தால் பிழைப்பவர் சிலரே.

புகைக்குழாய் பிரியரான ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு இந்த வீக்கம் இருந்தது. மாற்றுத் தமனி பொருத்தும் முறை வராத 1948இல், அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசன் அதைச் செலோஃபேன் தாளால் சுற்றி வைத்தார். 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது ஐன்ஸ்டைன் அறுவைக்கு இசையவில்லை. இடையில், 1951இல், பாரிஸில் சார்ல் துபோ வீங்கிய பகுதியை அகற்றி மாற்றுத் தமனி பொருத்தியிருந்தார்.

சிகிச்சை வந்தாலும் வீக்கத்தை முன்கூட்டியே காண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி தேவைப்பட்டது. பிரிட்டனில் 65 முதல் 74 வயதுவரையான 67,800 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. நான்காண்டுகளில் இந்நோயால் இறந்தோர், ஸ்கேனுக்கு அழைக்கப்பட்ட பாதியில் 65 பேர், அழைக்கப்படாத பாதியில் 113 பேர். 2009 முதல் இங்கிலாந்து 65 வயது ஆண்களை ஒருமுறை ஸ்கேனுக்கு அழைக்கிறது. 5.5 செ.மீ. எட்டினால் அறுவை மருத்துவரிடம் அனுப்புவர். அதற்குக் கீழே கண்காணிப்பு மட்டுமே. வீக்கம் காணப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த அளவை எட்டாதவர்கள். வீணான கவலையும் அறுவையும் இப்பரிசோதனையின் மறுபக்கம்.

முதற்காரணம் புகை. அமெரிக்க வல்லுநர் குழு 2005இல் பரிந்துரைத்ததும் எப்போதாவது புகைத்த 65–75 வயது ஆண்களுக்குத்தான். வாழ்நாளில் 100 சிகரெட் என்பது அவர்களின் அளவுகோல். நம் ஊரில் பீடியையும் எண்ண வேண்டும். முதுமை, குடும்ப வரலாறு, இரத்த அழுத்தம் ஆகியவையும் காரணங்களே. விந்தையாக, நீரிழிவு உள்ளவர்களிடம் இவ்வீக்கம் குறைவு. புகைப்பழக்கம் குறைந்த நாடுகளில் நோயும் குறைந்துவிட்டது.

இந்தியாவில் இதற்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் இல்லை. காரணமான புகையைத் தடுப்பதிலோ கேரளம் முந்தியது: பொது இடங்களில் புகைப்பதை அதன் உயர்நீதிமன்றம் 1999இலேயே தடுத்தது. ஆனால் பரிசோதனையில், அம்மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. தள்ளியுள்ள, தமிழர் நிறைந்த வட்டவடை போன்ற மலையூருக்கு ஸ்கேனைக் கொண்டுபோவதில் சட்டச் சிக்கலும் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், கையடக்க ஸ்கேன் கருவியைப் பதிவுபெற்ற இடத்துக்கும் நடமாடும் மருத்துவப் பிரிவுக்கும் வெளியே பயன்படுத்த விடுவதில்லை. தேவையான சட்டம்தான்; ஆனால் இதயநோய் முகாம்களுக்கும் அதே கட்டுப்பாடு.

புகைத்த, 65 வயது கடந்த ஆண்களும், தந்தைக்கோ உடன்பிறந்தாருக்கோ இவ்வீக்கம் இருந்தவர்களும், வேறு காரணத்துக்கு வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது பெருந்தமனியின் அகலத்தையும் அளந்து சொல்லுமாறு கேட்கலாம்.