ஊதா கலர் மஞ்சளானா மூட்டுவலி போயிடுமா?

முடக்கத்தான் தோசை சாப்பிட்டா மூட்டுவலி போகும்னு நம்ம ஊர்ல காலங்காலமா சொல்றதுதான். இப்போ கூடவே ஒரு வரி ஒட்டிக்கிட்டு வருது: "ஆய்வகத்துலயே நிரூபிச்சுட்டாங்க". சரி, அந்த ஆய்வகத்துல அப்படி என்னதான் பண்றாங்க? கொஞ்சம் பூர்வீகத்தைத் தோண்டுவோம்.

முதல்ல ஆன்டி-ஆக்ஸிடன்ட். டிபிபிஎச்-னு ஒரு ரசாயனம். கோல்ட்ஷ்மிட், ரென்னு ரெண்டு பேர் 1922-ல் உருவாக்கினது. ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரான் இருக்கறதால கரைசல் நல்ல ஊதா. மூலிகைச் சாறு அதுக்கு ஒரு ஹைட்ரஜனைத் தானம் பண்ணினா, ஊதா போய் வெளிர்மஞ்சள். 1958-ல் மார்ஸ்டன் பிளாய்ஸ் இதையே ஒரு அளவுகோலா மாத்தி 'நேச்சர்' இதழில் எழுதினார். 517 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு பார்த்தா போதும். செலவு கம்மி, வேலையும் கம்மி. ஆனா டீத்தூள், மாதுளைத் தோல்கூட இதுல ஜோரா பாஸாகும்!

அடுத்து மூட்டுவாதம். 1956-ல் கார்ல் பியர்சன், செத்த காசநோய்க் கிருமியை எண்ணெயில் கலந்து எலிகளுக்கு ஊசி போட்டார். சுமார் ரெண்டு வாரத்துல மூட்டெல்லாம் வீங்கிடுச்சு. 1962-ல் வின்டர் குழு, கடற்பாசியில் எடுக்கும் கராஜீனனை எலிப் பாதத்தில் ஏற்றி வீக்கத்தை அளந்தது. சாறு கொடுத்த எலிக்கு வீக்கம் குறைஞ்சா மருந்துக்கு மார்க். இன்னிக்கும் இதேதான்.

இந்தச் சோதனைகள் பொய்னு சொல்லலை. ஆனா இதெல்லாம் முதல் சல்லடைதான். சோதனைக்குழாய்க்கு வயிறும் கல்லீரலும் கிடையாது. உணவுகளின் ஆன்டி-ஆக்ஸிடன்ட் பட்டியலை வெளியிட்ட அமெரிக்க வேளாண் துறையே, அந்த எண்களுக்கும் உடம்புக்குள்ள நடக்கறதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு 2012-ல் அதை எடுத்துடுச்சு. நம்ம மஞ்சளோட குர்குமின்? அது சோதனை முறைகளையே குழப்பிப் பொய்யா பாஸ் காட்டக்கூடியது, ரத்தத்தில் சரியா சேர்றதும் இல்லைன்னு 2017-ல் ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரை பிரிச்சு மேஞ்சது.

யூனிட் டெஸ்ட் பாஸான உடனே நாம ரிலீஸ் பண்றதில்லையே? மருந்துக்கும் அப்படித்தான். மனுஷங்ககிட்ட முறையா சோதிச்சாதான் முடிவு தெரியும்.

இதுல விளையாட்டு இல்லீங்க. முடக்குவாதத்தை ஆரம்பத்துல கட்டுப்படுத்தலைன்னா எலும்பு அரிச்சுடும், அப்புறம் திரும்ப வராது. முடக்கத்தான் தோசை ருசியா இருக்கும், தாராளமா சாப்பிடுங்க. 'ஆய்வகத்துல நிரூபிச்ச' சாற்றை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.