விலை பேசப்படாத முகங்கள்

உருவப்படம் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் அரசரும் ஆயரும் செல்வருமே. ஓவியருக்கு ஊதியம் கொடுக்க வல்லவர்களின் முகங்கள் நூற்றாண்டுகளைக் கடந்தும் மாளிகைச் சுவர்களில் நிலைத்திருக்கின்றன. அவர்களுக்கு உணவு சமைத்தோர், உடை தைத்தோர் முகங்களோ அவர்களுடனேயே மண்ணுக்குள் மறைந்தன. இந்த வழக்கத்துக்கு மாறாகத் தூரிகை பிடித்த ஒரு பெண்மணியை இங்கு நினைவுகூர்வோம். அவர் அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல்.

1900ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்த அவர், பிலடெல்பியாவில் பெண்களுக்கென இருந்த கலைப்பள்ளியில் பயின்றார். 1925இல் கியூபா நாட்டு ஓவியர் கார்லோஸ் என்ரீக்கேசை மணந்தார். முதல் மகள் சான்டில்லானா, ஓராண்டு நிறைவதற்கு முன்பே, 1927இல் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பலியானாள். 1930இல் கணவர் இரண்டாம் மகள் இசபெட்டாவை அழைத்துக்கொண்டு கியூபாவுக்குச் சென்றுவிட்டார். மனம் உடைந்த நீல் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று, நெடுநாள் மருத்துவமனையில் இருந்தார். மீண்டு வந்தவருக்கு 1934இல் மற்றோர் இடி. உடன் வாழ்ந்தவர் சினத்தில் அவருடைய முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை எரித்தும் கிழித்தும் அழித்தார். அதன் பின்னும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

அது அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் தவித்த காலம். வேலையற்ற கலைஞர்களுக்கு அரசு அளித்த உதவித்தொகையே நீலுக்குச் சோறிட்டது. 1938இல் அவர் நியூயார்க்கின் ஸ்பானிய ஹார்லெம் பகுதியில் குடியேறினார். புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. அண்டை வீட்டுத் தாய்மாரும் தெருவில் ஆடிய சிறுவரும் அவர் முன் வந்து அமர்ந்தனர்.

1940இல் அவர் தீட்டிய ‘காசநோய், ஹார்லெம்’ என்னும் ஓவியத்தைச் சற்று உற்று நோக்குவோம். கட்டிலில் சாய்ந்திருக்கிறார் கார்லோஸ் நெக்ரோன் என்னும் இளைஞர். காசநோயைத் தீர்க்கும் மருந்து அப்போது இல்லை. விலா எலும்புகளை அகற்றி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்வது அன்றைய சிகிச்சைகளுள் ஒன்றாக இருந்தது. அவர் மார்பில் வெள்ளைக் கட்டு. அதனருகே தளர்ந்த கை. விலாவில் காயமுற்ற ஆண்டவரின் திருவுருவம் அப்படத்தில் நமக்குத் தெரியாமற்போகாது. ஆயினும் அந்த முகம் இரக்கத்துக்கு இறைஞ்சவில்லை. நம்மை நேராகப் பார்க்கிறது.

நீல் பொதுவுடைமைக் கொள்கையில் பற்றுடையவர்; 1955இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் அவரை விசாரித்ததும் உண்டு. எனினும் அவர் ஏழையைக் கொள்கைக்குச் சான்றாக ஆக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் பெயரோடும், தமக்கே உரிய சோர்வோடும் செருக்கோடும் அமர்ந்திருக்கின்றனர். 1970இல் புகழின் உச்சியிலிருந்த ஆண்டி வார்ஹாலை வரைந்தபோதும், துப்பாக்கிச் சூட்டால் அவர் உடலில் விழுந்த தழும்புகளை அவர் மறைக்கவில்லை. ஹார்லெம் நோயாளிக்கும் நகரத்துப் பிரமுகருக்கும் அவர் வைத்திருந்தது ஒரே பார்வை.

அருவ ஓவியமே கலை என்று கொண்டாடப்பட்ட ஆண்டுகளில் இப்படங்களை வாங்குவார் அரிதாயினர். அவை வீட்டிலேயே அடுக்கடுக்காகக் கிடந்தன. 1974இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் அவர் படைப்புகளைத் தொகுத்துக் காட்டியபோது அவருக்கு வயது எழுபத்து நான்கு. 1984இல் அவர் மறைந்தார். 2021இல் அந்நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் அவருக்குப் பெருங்கண்காட்சி நடத்திற்று.

ஓர் ஓவியம் பசியை ஆற்றுமா, நோயைத் தீர்க்குமா என்று நாம் கேட்கலாம். தீர்க்காது. ஆனால் அறம் செய்யும் நாமும், உதவி பெற்றோரை ஆண்டறிக்கையில் எண்ணிக்கையாக எழுதிவிட்டு அமைகிறோம். அவருள் ஒருவரையேனும் எதிரில் அமர்த்தி, அவசரமின்றி முகம் நோக்கி, பெயர் கேட்டிருக்கிறோமா? நீல் அதனைத் தம் வாழ்நாள் முழுதும் செய்தார்.