நாவலப்பிட்டி ஆசனமும் வாக்காளர் இடாப்பும்: 1947–1952

இலங்கையில் 1947இல் நடந்த முதற் பாராளுமன்றத் தேர்தலில் இந்திய வம்சாவளி மலையகத் தமிழரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் தெரிவாயினர். அவர்களுள் கே. இராஜலிங்கம் கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டித் தொகுதியின் உறுப்பினர். புசல்லாவையில் சரஸ்வதி வித்தியாலயத்தை நிறுவியவர். மலையக அரசியல் வரலாறு பெரும்பாலும் எழுவருள் ஒருவரான சௌ. தொண்டமானைச் சுற்றியே எழுதப்பட்டிருப்பதால், காங்கிரஸின் ஏனைய உறுப்பினர்கள் வெறும் பெயர்ப்பட்டியலாகச் சுருங்கிவிட்டனர். ஒரு பின்வரிசை உறுப்பினரை அவர் எழுப்பிய கேள்விகளைக் கொண்டே மதிப்பிடுகிறோம். அவர் எந்த இடாப்பின் பலத்தில் பேசினார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம், லயன் அறை, பிறப்புப் பதிவு ஆகியவை தொகுதிப் பிரச்சினைகள் என்றும் பிரஜாவுரிமை தேசியப் பிரச்சினை என்றும் பிரிப்பது 1948க்குப் பொருந்தாது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இலங்கையிலேயே பிறந்த ஒருவரும் தம் தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவவேண்டியிருந்தது. முந்தைய தலைமுறைகளின் பிறப்புப் பத்திரம் எத்தனை லயன்களில் இருந்திருக்கும்? நாட்டுரிமையே அந்தக் காகிதத்தில் தங்கிநின்றது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவுப் பிரஜாவுரிமைக்கு வழிவிட்டபோதும், விவாகமானவருக்கு 7 ஆண்டு, ஆகாதவருக்கு 10 ஆண்டு என இடையறாத வதிவுக்குச் சான்று கேட்டது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் உரியதாக்கியது.

இதில் அதிகம் பேசப்படாத அநீதி ஒன்றுண்டு. அன்று நடைமுறையில் இருந்த சோல்பரி யாப்பின்படி 75,000 ஆட்களுக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு மேலதிகமாக ஓர் ஆசனம். எண்ணப்பட்டவர்கள் ஆட்களே, பிரஜைகள் அல்லர். ஆகவே மத்திய மாகாணத்துக்கு ஆசனங்களை ஈட்டித் தந்த தலைக்கணக்கில் தோட்டத் தொழிலாளரும் அடங்கினர். அவர்களின் பெயர்கள் இடாப்பிலிருந்து நீங்கிய பின்னும் ஆசனங்கள் நீங்கவில்லை. எஞ்சிய வாக்காளரின் வாக்குக்கு நிறை கூடியது.

இந்த வாக்குரிமை இழப்பை எதிர்த்து 1952 ஏப்ரலில் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அடுத்த மாதத் தேர்தலில் எழுவரின் இடங்களில் ஒன்றிற்கேனும் மலையகத் தமிழர் தெரிவாகவில்லை. 1953இல் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் தேர்தல் திருத்தச் சட்டத்தையும் எதிர்த்த கோடாக்கன்பிள்ளை வழக்கில் பிரிவி கவுன்சிலும் அவை செல்லும் என்றது.

எழுவரும் சபையில் தோற்றது வாதத் திறன் குன்றியதால் என்ற முடிவுக்கு ஆதாரமில்லை. பெரும்பான்மை எதிரில் இருந்தது, வாக்காளரும் பறிக்கப்பட்டனர். மீண்டும் ஒரு மலையகத் தமிழர் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் செல்ல 1977 வரை ஆயிற்று. 1947–1952 ஹன்சாட்டில் உள்ள அவர்களின் உரைகளைத் தொகுத்துப் பதிப்பிக்கும் பணியைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர்கள் ஏற்கவேண்டும்.