ஹாலேயில் ஒரு தட்டுச் சோறு

பாலில் குழைய வெந்த அரிசி, மேலே சர்க்கரையும் பட்டைப் பொடியும், ஓரத்தில் ஒரு கரண்டி செர்ரிப் பழம். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில், மென்சா என்கிற பல்கலைக்கழக உணவகத்தில் என் முதல் மதியச் சாப்பாடு அதுதான். மில்ஷ்ரைஸ் என்று பெயர். சுற்றிலும் பார்த்தேன், எல்லோரும் அதையே முழுச் சாப்பாடாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொறையாரில் எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அம்மா பால் சோறு பிசைந்து தருவார். அதே ஆவி, அதே மணம். வழித்துச் சாப்பிட்டேன்.

அந்த மாதம் எனக்கு வயிறார அந்த ஒரு வேளைதான். விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்ட் என்கிற முடக்கக் கணக்கில் போட்ட பணம் கைக்கு வரத் தாமதமாகி, ஐந்து வாரம் சில்லறையை எண்ணி எண்ணி ஓட்டினேன். தஞ்சாவூர்ப் பக்கத்து சீனியர் அக்கா ஒருவர் என் மென்சா அட்டையில் அவ்வப்போது பத்து யூரோ ஏற்றிவிடுவார். "வேலை கெடச்சதும் குடு, இப்ப போய் சாப்புடு" என்பார். மாணவருக்கு ஒரு விலை, ஊழியருக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை என்று பலகையில் மூன்று விலை எழுதியிருக்கும். என் விலை ஏன் இவ்வளவு குறைவு, மிச்சத்தை யார் கொடுக்கிறார்கள்? பசியோடு வரிசையில் நின்றபோது எழுந்த அந்தக் கேள்வி என்னை 1695-ஆம் ஆண்டு வரை இழுத்துக்கொண்டு போனது.

ஹாலேயில் ஃபிராங்கே அறக்கட்டளை என்று ஒரு வளாகம் இருக்கிறது. நடுவே நீண்ட முற்றம், இருபுறமும் உயர உயரமான கட்டடங்கள். ஒரு பக்கத்தில் ஆறு மாடி மரச்சட்ட வீடு ஒன்று நூறு மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும். அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு மென்சாவும் உண்டு. 300 ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் ஹாலேக்கு வெளியே கிடந்த கிளௌஹா என்ற ஏழைப் புறநகர். 1682-ல் கொள்ளைநோய் வந்து ஊரையே வாரிக்கொண்டு போயிருந்தது. 200 வீடு இருந்த இடத்தில் 37 வீடு குடிக்கடை. 1692-ல் இங்கே போதகராக வந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. 1694-ல் ஹாலே பல்கலைக்கழகம் திறந்தபோது அங்கும் பாடம் சொன்னார்.

1695 ஈஸ்டர் சமயத்தில் அவர் வைத்த உண்டியலில் 4 தாலர் 16 குரோஷன் விழுந்தது. அதில் ஒரு பங்குக்கு 27 புத்தகம் வாங்கி ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். திரும்பி வந்தவை 4. அவர் விடவில்லை. வறுமையில் இருந்த ஒரு பல்கலைக்கழக மாணவனை அழைத்து, நாளுக்கு இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்து, வாரச் சம்பளம் கொடுத்தார். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு மணி நேரமே வித்து என்பேன்.

அந்தக் காலத்து ஜெர்மன் மாணவன் எப்படிச் சாப்பிட்டான் என்பதைச் சொல்ல வேண்டும். வசதி உள்ளவன் வீட்டுக்காரம்மாவிடம் காசு கொடுத்துச் சாப்பிட்டான். இல்லாதவன் வீதியில் பாடிப் பிச்சை எடுத்தான். மார்ட்டின் லூதரே சிறுவயதில் அப்படிப் பாடி ரொட்டி வாங்கியவர். இன்னும் சில ஊர்களில் திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு என்று முறைவைத்து ஏழை மாணவனுக்குச் சோறு போட்டார்கள். இதைப் படித்தபோது நூலகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஊரில் வாரச் சாப்பாடு என்று சொல்வோமே, அதேதான்! கும்பகோணத்திலும் திருவையாற்றிலும் எத்தனை பேர் அப்படி நாளுக்கொரு வீட்டுத் திண்ணையில் சாப்பிட்டுப் படித்து ஆளானார்கள்.

ஃபிராங்கேயும் முதலில் ஏழை மாணவர்களுக்குக் காசாகத்தான் கொடுத்துவந்தார். 1696-ல் சோறாகவே போட ஆரம்பித்தார், 24 பேருக்கு. இலவச மேசை என்று பொருள்பட அதை ஃப்ரைடிஷ் என்றார்கள். சாப்பிடுகிறவன் அவருடைய பள்ளிகளில் நாள்தோறும் பாடம் நடத்த வேண்டும். அந்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். மாணவன் யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. காலையில் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தன் உழைப்பின் சோறென்று மத்தியானம் மேசையில் உட்கார்ந்தான். பள்ளிக்கும் சம்பளச் செலவில்லாமல் வாத்தியார் கிடைத்தார். 1727-ல் ஃபிராங்கே இறந்தபோது பள்ளிகளில் 2,200 பிள்ளைகள் படித்தார்கள். அங்கே மதியம் சாப்பிட்ட பல்கலைக்கழக மாணவர்கள் 250 பேருக்கும் மேல்.

அத்தனை பேருக்கும் உலை வைத்தது நன்கொடை மட்டும் இல்லை. வளாகத்துக்குள்ளேயே ரொட்டி அடுப்பு, பீர் வடிக்கும் கூடம், அச்சகம், புத்தகக் கடை எல்லாம் இருந்தன. மருந்துக்கடையில் செய்த மருந்துகள் கடல் கடந்து விற்றன. 1711 வாக்கில் கீழே சாப்பாட்டுக் கூடமும் மேலே ஜெபத்துக்கும் பாட்டுக்குமான கூடமும் கொண்ட ஒரு கட்டடம் எழுந்தது. மேல்கூடத்தில் இன்றைக்கும் கச்சேரி நடக்கிறது. நான் ஒரு முறை போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கீழே வரிசை வரிசையாகத் தட்டு அடுக்கிய காலத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மேசையில் என்னைப் போல ஒருத்திக்கு இடம் இருந்திருக்காது, அதையும் சொல்லியாக வேண்டும். 1754-ல் இதே ஹாலேயில் டொரோத்தியா எர்க்ஸ்லேபன் மருத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார், ஜெர்மனியில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான். ஆனால் பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையான மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது 1908-ல்தான்.

என் ஊர் இந்தக் கதைக்குள் வருவது 1706-ல். ஹாலேயில் படித்த மிஷனரிகள் சீகன்பால்கும் புளுச்சாவும் அந்த ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்கள். பொறையாரிலிருந்து தரங்கம்பாடி சைக்கிள் மிதிக்கும் தூரம். மறு ஆண்டே பள்ளி தொடங்கி, பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் சேர்த்தே கொடுத்தார்கள். கிளௌஹாவில் கற்றதைத்தான் கடற்கரையில் செய்தார்கள். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலேறித் தரங்கம்பாடி அச்சகத்துக்கு வந்தன. 1714-ல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கிளம்பியபோது மலையப்பன் என்ற தமிழரும் கூடப் போனார். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலே அச்சகத்தில் வெளிவந்தது. மலையப்பனும் ஹாலேக்கு வந்திருந்தார் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த முற்றத்தில் எனக்குத் தனியாக நடக்கிற உணர்வு இல்லை.

மென்சா என்பதற்கு லத்தீனில் மேசை என்றுதான் பொருள். ஆனால் இன்று நாங்கள் சாப்பிடும் மென்சா முதல் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் உருவானது. போரிலிருந்து திரும்பிய மாணவர்கள் தாங்களே கூடிச் சமையல்கூடம் நடத்தினார்கள். 1921-ல் ட்யூபிங்கனில் மாணவர்களுக்கான பொருளுதவிச் சங்கம் ஒன்று அமைந்தது. பணவீக்கம் முற்றி, 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்றானது. வேலை செய்துகொண்டே படிக்கிறவனுக்கு வெர்க்ஷ்டுடெண்ட் என்ற பெயர் அந்த ஆண்டுகளில்தான் பரவியது. நானும் பிறகு ஒரு ஆய்வகத்தில் அதே பெயரில் சம்பளம் வாங்கினேன். 1933-க்குப் பிறகு நாஜிகள் இந்த உதவி அமைப்பையும் கைப்பற்றி, யூத மாணவர்களுக்கு உதவியை மறுத்தார்கள். பசித்தவனைப் பார்த்து நீ யார் என்று கேட்ட காலம் அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹாலே கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. 1946-ல் ஃபிராங்கே அறக்கட்டளையைக் கலைத்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள். வளாகத்தை ஒட்டியே மேம்பாலச் சாலை வந்தது, கூரைகள் ஒழுகின. ஜெர்மனி ஒன்றான பிறகு, 1990-களில் பால் ராபே என்ற நூலக அறிஞர் முன்னின்று அதை மீட்டெடுத்தார். கிழக்கு ஜெர்மனி போனாலும் அதன் சமையல் மென்சாவில் இருக்கிறது. யேகர்ஷ்னிட்சல் கேட்டால் இங்கே வருவது காளான் குழம்பு ஊற்றிய இறைச்சி இல்லை. தடியான சாசேஜ் துண்டை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, நூடுல்ஸும் தக்காளி சாஸும் வைப்பார்கள்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் தாத்தாவிடம் சொன்னேன். பொறையாரில் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தவர் அவர். ஹாலே மிஷன்காரர்கள், அவர்களுக்குப் பின் வந்த லைப்சிக் மிஷன்காரர்கள் என்று கைமாறி வந்த போர்டிங். விடிகாலையில் செடிகளுக்குத் தண்ணீர் இறைத்தால்தான் கஞ்சி. பெரிய வகுப்புப் பையன்கள் சாயங்காலம் சின்னவர்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தாத்தா நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏம் பாப்பா, உன் தட்டுல நம்பர் போட்டிருக்கா?" என்றார்.

"தட்டுல இல்ல தாத்தா. அட்டையில இருக்கு."

"எனக்குத் தட்டுல. ஆணிய வச்சு அடிச்சுக் குத்தியிருப்பாங்க. அலுமினியத் தட்டு. கழுவும்போது விரல்ல நெருடும்." சற்று நிறுத்தினார். "நாப்பத்தி மூணு."